வங்கியின் பெயரில் வந்தால் வங்கி அனுப்பியதா? மோசடிக் குறுஞ்செய்திகள் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: எனக்கு எப்போதும் ஓடிபி வரும் அதே இடத்தில், அதே வங்கிப் பெயரில், “உங்கள் கணக்கு இன்றிரவு முடக்கப்படும், லிங்க்கில் விவரத்தைச் சரிபார்க்கவும்” என்று ஒரு மெசேஜ். பழைய உண்மையான மெசேஜ்களுக்கு நேர் கீழே இருக்கிறது. இதுகூடப் போலியாக இருக்குமா?

பதில்: இருக்கும். மெசேஜின் தலையில் தெரியும் பெயர், அனுப்புகிறவர் நிரப்பும் ஒரு கட்டம்தான். 11 எழுத்துக்குள் எதை வேண்டுமானாலும் அதில் போட முடியும். கடித உறையில் அனுப்புநர் முகவரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா, அதே நிலைதான். உங்கள் ஃபோன் அந்தப் பெயரைச் சோதிப்பதில்லை. ஒரே பெயரில் வருவதை எல்லாம் ஒரே வரிசையில் அடுக்குகிறது. அதனால்தான் போலி, அசலுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்கிறது.

பெயர்களைப் பதிவு செய்தால்தான் அனுப்ப முடியும் என்று பல நாடுகளில் விதி வந்திருக்கிறது. அது உதவுகிறது, ஆனால் முழுப் பாதுகாப்பு இல்லை. போலி செல்கோபுரமாக வேலை செய்யும் கருவியை வண்டியில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றும் கும்பல்கள் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. அந்தக் கருவி, அருகில் உள்ள ஃபோன்களைப் பழைய 2ஜி நெட்வொர்க்குக்கு இறக்கிவிடும். 2ஜியில் நெட்வொர்க்தான் ஃபோனைச் சோதிக்கும். இந்த நெட்வொர்க் அசலா என்று ஃபோன் திருப்பிக் கேட்காது. மெசேஜ் உங்கள் தொலைத்தொடர்பு நிறுவனத்தைத் தொடாமலே வந்துவிடுவதால், அவர்களுடைய வடிகட்டி அதைப் பார்ப்பதே இல்லை. ஆண்ட்ராய்டு 12 முதல் பல ஃபோன்களில், சிம் செட்டிங்ஸுக்குள் 2ஜியை அணைக்கும் வசதி உண்டு. உங்கள் பகுதியில் 4ஜி நன்றாகக் கிடைத்தால் அணைத்துவிடுங்கள்.

ஆகவே மெசேஜை உற்றுப் பார்த்து அசலா போலியா என்று தீர்ப்பு சொல்ல முயல வேண்டாம். பிழையில்லாத மொழியில், சரியான லோகோவுடன் இப்போது போலிகள் வருகின்றன. வங்கி ஆப்பை நீங்களே திறந்து பாருங்கள். கணக்கில் சிக்கல் இருந்தால் அங்கேயே தெரியும். பேச வேண்டுமானால் கார்டின் பின்புறம் அச்சிட்ட எண்ணுக்குக் கூப்பிடுங்கள். மெசேஜில் உள்ள எண் வேண்டாம். தேடுபொறியில் முதலில் வரும் ‘கஸ்டமர் கேர்’ எண்ணும் வேண்டாம், அங்கேயும் விளம்பரமாகப் போலி எண்களைப் போட்டு வைக்கிறார்கள்.

கேள்வி: லிங்க்கைப் படித்தே கண்டுபிடிக்க முடியாதா? பூட்டுக் குறி இருந்தால் நம்பலாம் என்கிறார்களே?

பதில்: பூட்டுக் குறியை மறந்துவிடுங்கள். நீங்கள் தட்டச்சு செய்வதை வழியில் யாரும் படிக்க முடியாது என்பது மட்டும்தான் அதன் பொருள். மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்று அது சொல்லாது. மோசடித் தளங்களும் அதை இலவசமாகவே வாங்கி வைத்திருக்கின்றன. மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால்தான் 2023-இல் குரோம் அந்தக் குறியையே எடுத்துவிட்டது.

லிங்க்கைப் படிக்க ஒரு முறை இருக்கிறது. ‘https://’ போன்ற தொடக்கத்தை விட்டுவிட்டு, அதற்குப் பின் வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள்; புள்ளிகளால் பிரியும் கடைசி இரண்டு துண்டுகள்தான் தளத்தின் சொந்தப் பெயர். “உங்கள்வங்கி.காம்.சரிபார்ப்பு-மையம்.டாப்/லாகின்” என்று இருந்தால், தளத்தின் சொந்தக்காரர் ‘சரிபார்ப்பு-மையம்.டாப்’. அதற்கு முன்னால் இருக்கும் வங்கிப் பெயர் வெறும் அலங்காரம். சில நாட்டு முகவரிகளில் கடைசி இரண்டு துண்டுகளும் பொதுவானவை. அங்கே கடைசியிலிருந்து மூன்றாவது துண்டுதான் சொந்தப் பெயர். சுருக்கிய லிங்க்கில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது, ஃபோன் திரையில் முகவரியின் வால் மறைந்தும் போகும். அதனால் பணமோ பாஸ்வேர்டோ கேட்கும் எந்த லிங்க்கையும் படித்துத் தேர்வு செய்வதைவிட, தொடாமல் விடுவதுதான் என் பரிந்துரை.

பாஸ்வேர்டு மேலாளர் ஆப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் நன்மை: வழக்கமாகத் தானே நிரப்பும் ஆப், ஒரு பக்கத்தில் மட்டும் நிரப்பாமல் நின்றால், அது வேறு தளமாக இருக்கலாம். அங்கே கையால் தட்டச்சு செய்யாதீர்கள்.

கேள்வி: “பார்சல் முகவரி தவறு, மறு விநியோகத்துக்குச் சிறு கட்டணம்” என்று வந்ததை நம்பி கார்டு எண் கொடுத்தேன், ஓடிபியும் போட்டேன். அந்தச் சிறு தொகைகூடப் போகவில்லை. தப்பித்தேனா?

பதில்: இல்லை. தயவுசெய்து இதைப் படித்த உடனே வங்கிக்குக் கூப்பிடுங்கள். தொகை போகாததுதான் கவலைக்குரிய அறிகுறி.

அந்தக் கட்டணம் தூண்டில்தான். நீங்கள் கார்டு எண்ணைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே மறுமுனையில் ஒருவர் அதைத் தன் ஃபோனில் உள்ள பேமென்ட் வாலட்டில் (கார்டுக்குப் பதில் ஃபோனைத் தட்டிப் பணம் கட்டும் ஆப்) சேர்க்கிறார். சேர்ப்பதை உறுதி செய்ய வங்கி உங்களுக்கு ஓடிபி அனுப்புகிறது. நீங்கள் கட்டணத்துக்கான ஓடிபி என்று நினைத்துப் போட்டுவிடுகிறீர்கள். அதன்பிறகு உங்கள் கார்டு அவருடைய ஃபோனில் இருக்கிறது. கடையில் தட்டிப் பணம் கட்ட அவருக்கு இன்னொரு ஓடிபி தேவைப்படாது. உடனே செலவு செய்யாமல் நாள்கணக்கில் காத்திருப்பதும் உண்டு.

கார்டை முடக்கச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். “என் கார்டு எந்தெந்த ஃபோன் வாலட்டில் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள், எல்லாவற்றையும் நீக்குங்கள்” என்று தனியாகக் கேளுங்கள். வாலட்டில் உண்மையான கார்டு எண் இருப்பதில்லை, அதற்குப் பதில் ஒரு மாற்று எண் இருக்கிறது. புதிய கார்டு வந்தாலும் சில சமயம் அந்த மாற்று எண் புதிய கார்டோடு தானாகவே இணைந்து தொடரும். பேசிய நேரம், புகார் எண் இரண்டையும் எழுதி வையுங்கள். மெசேஜை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள்.

இனி ஓடிபி வந்தால் எண்ணை மட்டும் பார்க்காமல் அதைச் சுற்றியுள்ள வரியையும் படியுங்கள். எதற்காக, எவ்வளவு தொகைக்கு என்று பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும்.

கேள்வி: அபராத ரசீது என்று வந்த ஃபைலைத் தட்டினேன், ஏதோ ஆப் இன்ஸ்டால் ஆனது. ஐகானே காணவில்லை.

பதில்: ஐகானை மறைப்பது மோசடி ஆப்களின் வழக்கம். ரசீது ஒருபோதும் ‘ஏபிகே’ ஃபைலாக, அதாவது ஆண்ட்ராய்டு ஆப்பை இன்ஸ்டால் செய்யும் ஃபைலாக, வராது. இத்தகைய ஆப்கள் எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியையும் ‘ஆக்சஸிபிலிட்டி’ அனுமதியையும் கேட்கும். இரண்டாவது கிடைத்துவிட்டால் திரையில் உள்ளதைப் படிக்கவும் உங்களுக்குப் பதிலாகப் பட்டன்களை அழுத்தவும் அதனால் முடியும். ஆண்ட்ராய்டு 13 முதல், வெளியிலிருந்து வந்த ஆப்புக்கு இந்த அனுமதி எளிதில் கிடைக்காது. ஆகவே ‘கட்டுப்படுத்தப்பட்ட அமைப்பை அனுமதி’ என்று தட்டச் சொல்லி யாராவது வழிகாட்டினால் அங்கேயே நிறுத்துங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: முதலில் ஏரோபிளேன் மோட், வைஃபையும் அணைந்திருக்கட்டும். ஃபோனை ‘சேஃப் மோட்’-இல் (நீங்கள் இன்ஸ்டால் செய்த ஆப்கள் இயங்காத நிலை) திறந்து, செட்டிங்ஸில் அந்த ஆப்பின் ஆக்சஸிபிலிட்டி அனுமதியையும் ‘டிவைஸ் அட்மின்’ உரிமையையும் எடுத்துவிட்டு, ஆப் பட்டியலில் தேடி அன்இன்ஸ்டால் செய்யுங்கள். உரிமையை எடுக்காமல் அன்இன்ஸ்டால் செய்யப் போனால் பட்டன் மங்கியே கிடக்கும். முடியவில்லை என்றால் ஃபேக்டரி ரீசெட்தான். வங்கிக்குச் சொல்வதையும் பாஸ்வேர்டு மாற்றுவதையும் வேறொரு ஃபோனிலிருந்து செய்யுங்கள். ஃபோனைச் சுத்தம் செய்து முடிக்கும்வரை அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: தெரியாத எண்ணிலிருந்து “நாளைக்கு வர்றீங்களா?” என்று வந்தது. எண் மாறி வந்திருக்கிறது என்று பதில் சொல்வதில் என்ன தப்பு?

பதில்: உங்கள் நல்ல மனத்தைத்தான் மோசடிக்காரர்கள் எதிர்பார்க்கிறார்கள். பதில் வந்தால் எண்ணுக்குப் பின்னால் ஆள் இருப்பது உறுதியாகிவிடும். மன்னிப்பு, நலம் விசாரிப்பு என்று வாரக்கணக்கில் பேச்சு நீளும். பிறகுதான் முதலீட்டு ஆப் வரும். அதில் லாபம் ஏறுவதுபோல் காட்டுவார்கள், முதலில் சிறு தொகையை எடுக்கவும் விடுவார்கள். பெரிய தொகையை எடுக்கப் போனால் ‘வரி’ கட்டச் சொல்வார்கள். இழந்தவர்களைத் தேடி “பணத்தை மீட்டுத் தருகிறோம்” என்று வருபவர்களும் முன்பணம் கேட்டால் அதே வகைதான்.

பதில் சொல்லாமல் பிளாக் செய்து, ஸ்பாம் என்று ரிப்போர்ட் செய்யுங்கள். இன்னொன்று: ஐஃபோனின் ஐமெசேஜில் அறிமுகமில்லாதவர் அனுப்பும் லிங்க் தட்டினாலும் திறக்காது, நீங்கள் ஒரு பதில் போட்டதும் திறக்கத் தொடங்கும். “ஒய் என்று பதில் அனுப்பவும்” என்று கேட்பது அதற்காகத்தான்.

கேள்வி: டெலிவரி ஆளைத் தொடர்புகொள்ள *21* என்று தொடங்கும் எண்ணை டயல் செய்யச் சொல்லி மெசேஜ் வந்தது.

பதில்: டயல் செய்யாதீர்கள். உங்களுக்கு வரும் அழைப்புகளை வேறொருவருக்குத் திருப்பிவிடும் கட்டளை அது. குரல் வழியாக வரும் ஓடிபியும் அவருக்கே போகும். ஏற்கெனவே செய்திருந்தால் *#21# போட்டுப் பாருங்கள், திருப்பிவிடப்பட்டிருந்தால் எண் தெரியும். ##002# எல்லாத் திருப்பங்களையும் நீக்கும்.