அடுப்படியும் கொல்லையும் போதும் என்று தோன்றுகிறது, இது தப்பா?

வணக்கம் மேடம்,

எனக்கு 47 வயது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே சென்னையில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள். மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டபோது, பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் வேலையை விட்டுவிட்டு ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டுக்கே குடிவந்துவிட்டோம். கணவர் திருச்சியில் ஒரு பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்துகொண்டார். போன ஆடியில் மாமனார் காலமாகிவிட்டார். ஒரே மகள், பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். இனி நான் வேலைக்குத் திரும்பலாம், தடுப்பார் யாருமில்லை. ஆனால் எனக்குப் போகவே பிடிக்கவில்லை, பிரச்சினை அதுதான்.

சென்னையில் இருந்தவரை பங்குனி எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியாது. மார்ச் 31-க்குள் கணக்கு முடிக்க வேண்டும், இரவு ஒன்பது பத்து மணிக்குத்தான் வீடு. இங்கே இப்போது கொல்லை வேப்பமரம் பூத்துக் கொட்டுகிறது. ராத்திரியே மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வைத்துவிட்டால் காலையில் பூ தானாகச் சேர்ந்திருக்கும். காம்பு, குப்பையெல்லாம் பொறுக்கிவிட்டு முறத்தில் பரப்பிக் காயவைக்கிறேன். கொஞ்சம் பூவை நெய்யில் கருஞ்சிவப்பாகும் வரை வறுத்து, ரசத்தை இறக்கினபிறகு மேலே போட்டால் அந்தக் கசப்பு வாசனைக்கே ஒரு பிடி சோறு கூடுதலாக இறங்கும். குண்டுமல்லியும் மொட்டு விட ஆரம்பித்துவிட்டது. விடியற்காலையில் மொட்டாகவே பறித்து வைத்தால் சாயங்காலம் மலரும். அந்தச் செடியை மார்கழியில் கவாத்து பண்ணச் சொல்லிக்கொடுத்ததே மாமனார்தான், பேச்சு குழறும், ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தபடி இடது கையை நீட்டி எந்தக் கிளையை வெட்டணும் என்று காட்டிவிடுவார். இந்த மார்கழியில் நானே தனியாகச் செய்தேன்.

போன வாரம் மாவடு போட்டேன். காம்போடு இருக்கிற சின்ன வடுவாகப் பார்த்து வாங்கி, கழுவித் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் விளக்கெண்ணெய் தடவி, உப்பும் மிளகாய்ப்பொடியும் கடுகுப்பொடியும் மஞ்சளும் போட்டு ஜாடியில் வைத்தேன். தினமும் குலுக்கி விடும்போது, நேற்று மொழுமொழுவென்று இருந்தது இன்று கொஞ்சம் சுருங்கி அடியில் தண்ணீர் விட்டிருப்பதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. ஊறினதும் பக்கத்து வீட்டு மாமிக்கு ஒரு கிண்ணம் கொடுக்க வேண்டும்.

அக்கா போன் பண்ணினால், "இவ்ளோ படிச்சிட்டு மாவடு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கியே" என்கிறாள். மகள் வேறு மாதிரி. "அம்மா, யூடியூப் சேனல் ஆரம்பி, ஊறுகாயை ஆன்லைன்ல விக்கலாம், லேபிள் எல்லாம் நான் டிசைன் பண்ணித் தரேன்" என்கிறாள், பிரியத்தோடுதான். அப்புறம் என்ன ஆனதென்றால், தாளிக்கும்போதுகூட இதை எந்தப் பக்கத்திலிருந்து வீடியோ எடுப்பது என்று மனசு ஓடுகிறது. மதியம் மூன்று மணி வாக்கில் வேலையெல்லாம் முடிந்து உட்கார்ந்தால் நெஞ்சில் ஒரு குற்ற உணர்ச்சி வந்து அழுத்துகிறது. நான் சோம்பேறியாகிவிட்டேனா? மாமனார் போன துக்கத்தை மறைக்கத்தான் இப்படி ஒளிந்துகொண்டிருக்கிறேனா? புரியவில்லை.

- பெயர் வேண்டாம், ஸ்ரீரங்கம்

*

வணக்கம் சகோதரி,

முதலில் பதில். நீங்கள் சோம்பேறி இல்லை. மனச்சோர்வு வந்தவர்களிடம் பெரும்பாலும் முதலில் போவது ருசிதான், சாப்பாட்டின் ருசி மட்டுமில்லை, பிடித்த எதைச் செய்தாலும் ஒட்டாமல் போய்விடும். நீங்களோ ஒரு வடு நேற்றைக்கும் இன்றைக்கும் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பார்த்துச் சந்தோஷப்படுகிறீர்கள். 1970-களில் பீட்டர் லூயின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர், மனச்சோர்வில் இருப்பவர்களின் அன்றாடத்தில் மகிழ்ச்சி தரும் சின்னச் சின்ன வேலைகளைத் திட்டமிட்டுச் சேர்ப்பதையே சிகிச்சையாகச் செய்தார். இன்றும் என்னிடம் வருகிறவர்களுக்கு, ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், ஒரு வேளையாவது நீங்களே சமையுங்கள் என்று நான் எழுதிக் கொடுக்கிறேன், அதைச் செய்ய அவர்கள் எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதையும் பார்க்கிறேன். உங்களுக்கு அது யாரும் சொல்லாமலே கைவந்திருக்கிறது. அதைச் சந்தேகப்படாதீர்கள்.

ஒளிந்துகொள்கிறேனா என்று கேட்டிருந்தீர்கள். ஒளிந்துகொள்கிறவர்களின் உலகம் நாளுக்கு நாள் சுருங்கும். போனை எடுக்க மாட்டார்கள், வாசலில் ஆள் வந்தால் உள்ளே போய்விடுவார்கள். நீங்கள் பக்கத்து வீட்டு மாமிக்கு இப்போதே ஒரு கிண்ணம் ஒதுக்கி வைத்துவிட்டீர்கள்.

சரி, அப்படியானால் அந்தக் குற்ற உணர்ச்சி எங்கிருந்து வருகிறது? எனக்கு இரண்டு இடம் தெரிகிறது. ஒன்று, மார்ச் மாதம். கணக்குப் பிரிவில் இருந்தவருக்கு வருஷத்திலேயே தலைபோகிற மாதம் இது. இத்தனை வருஷமாக இந்த வெயில் ஏறும்போதெல்லாம் ஓடித்தான் பழகியிருக்கிறீர்கள், வேலை போனாலும் உடம்பு அந்த ஓட்டத்தை எதிர்பார்க்கும், ஓடவில்லை என்றால் ஏதோ முடிக்காமல் விட்ட மாதிரி பதறும். இது பழக்கம், உங்கள் மனசாட்சியின் தீர்ப்பு இல்லை. ஏப்ரல் பாதியில் இந்தப் பதற்றம் குறைகிறதா என்று பாருங்கள், குறைந்தால் நான் சொன்னது சரி.

இன்னொன்று மதியம் மூன்று மணி. நீங்களே ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள், மாமனார் இருந்தபோது மூன்று மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? காபி ஆற்றிக் கொடுத்திருப்பீர்கள், மாத்திரை கொடுத்திருப்பீர்கள், கை காலை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுத்திருப்பீர்கள். அந்த வேளையில் உங்களைத் தேட ஒருவர் இருந்தார், இப்போது இல்லை. வெறுமையாக இருக்கிற நேரத்தைக் குற்ற உணர்ச்சி வந்து பிடித்துக்கொள்வதை நான் பராமரிப்பாளர்களிடம் நிறையப் பார்த்திருக்கிறேன். அது உண்மையில் துக்கம். அதற்காகத் தோட்டத்தை விட வேண்டியதில்லை. 1999-இல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் துக்கத்தைப் பற்றிச் சொன்ன ஒரு கருத்து இன்றுவரை எங்களுக்கு உதவுகிறது. இழப்பை நினைத்து உருகுவது, வாழ்க்கையைத் திரும்பக் கட்டிக்கொள்வது, இந்த இரண்டுக்கும் நடுவே மனிதர்கள் போய்ப் போய் வருவார்கள், அப்படிப் போய்வருவதுதான் ஆரோக்கியம் என்றார்கள். மார்கழியில் அவர் காட்டிக்கொடுத்தபடி நீங்கள் தனியாகக் கவாத்து செய்தபோது இரண்டும் ஒரே நேரத்தில் நடந்திருக்கிறது. மூன்று மணிக்கு அழுகை வந்தால் அழுங்கள், அவரைப் பற்றிக் கணவரிடமோ மாமியிடமோ பேசுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இந்த அழுத்தம் நாள் முழுக்கப் பரவினாலோ, தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டாலோ, கொல்லைப் பக்கம் போகவே பிடிக்காமல் போனாலோ, தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசு மனநல உதவி) எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன், உங்களை உண்மையில் குழப்பியது அதுதான் என்று நினைக்கிறேன். 1973-இல் அமெரிக்காவில் ஒரு மழலையர் பள்ளியில் நடந்த ஆய்வு இது. ஸ்கெட்ச் பேனாவில் ஆசையாகப் படம் வரைகிற பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் ரிப்பன் ஒட்டிய ஒரு சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வரையச் சொன்னார்கள். சில நாள் கழித்து எந்தப் பரிசும் இல்லாமல் பேனாவை மறுபடி வைத்தபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். பரிசுக்காகச் செய்தது என்று ஆனதும் ஆசை வடிந்துவிட்டது. தாளிக்கும்போது கேமரா கோணம் யோசிப்பதாக எழுதியிருந்தீர்களே, அங்கேயும் அதுதான் தொடங்கியிருக்கிறது. விற்பது தப்பு என்று சொல்லவில்லை. தேவைக்காகவோ விருப்பத்துக்காகவோ ஊறுகாய் போட்டு விற்றுப் பிழைக்கிற பெண்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. உங்களுக்கு விருப்பமில்லை, அதனால் வேண்டாம், அவ்வளவுதான். அவளிடம் நேராகவே சொல்லுங்கள்: "கண்ணு, உன் ஆசை புரியுது, ஆனா எனக்கு இது விக்கிறதுக்கு இல்ல, எனக்கும் உனக்கும்தான். சித்திரை ஒண்ணுக்கு லீவு போட்டுட்டு வா, மாங்காய்ப் பச்சடி நீ பண்ணு, நான் உக்காந்து சாப்பிடறேன்." அம்மாவைச் சும்மா இருக்க விட்டால் அவள் துக்கத்தில் மூழ்கிவிடுவாளோ என்ற பயத்தில்கூட அவள் அப்படிச் சொல்லியிருக்கலாம். நேரில் வந்து பார்த்தால் அந்தப் பயம் போய்விடும்.

அக்காவை மாற்ற முயலாதீர்கள். "எனக்கு இது போதும்க்கா" என்று சொல்லிவிட்டு, அவள் முட்டிவலி எப்படி இருக்கிறது, பேரன் என்ன செய்கிறான் என்று பேச்சைத் திருப்பிவிடுங்கள். அடுத்த முறையும் கேட்பாள், அப்போதும் இதே பதில்தான்.

கடைசியாக, நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று. இத்தனை பெரிய கடிதத்தில் உங்கள் கணவர் ஒரே ஒரு வரியில்தான் வருகிறார். இனி வேலைக்குப் போகவில்லை என்ற முடிவை அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டீர்களா? அவர் ஒருவர் சம்பளத்தில் குடும்பம் ஓடுமா, உங்கள் பி.எஃப். பணம் எங்கே இருக்கிறது, உங்கள் பெயரில் தனியாக ஒரு கணக்கு இருக்கிறதா, இருவருக்கும் மருத்துவக் காப்பீடு இருக்கிறதா? எளிமையாக வாழ்வதற்கும் கையில் காசு வேண்டும், வேலையை விட்ட பெண்கள் இதைக் கேட்கத் தயங்கித்தான் பின்னால் கஷ்டப்படுகிறார்கள். கணக்கு உங்களுக்குத் தெரிந்த தொழில். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாக உட்காருங்கள், அவர் பயம் என்ன, உங்கள் ஆசை என்ன என்பதையும் அதே உட்காரலில் பேசிவிடுங்கள். பேசினபிறகும் அந்த மூன்று மணி அழுத்தம் நீடித்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.