கென்யப் பயணத்தில் ஓல் பெஜெட்டாவை விட்டுவிடலாமா?

மசாய் மாரா வனவிலங்குக் காப்பகம் இருக்கும்போது ஓல் பெஜெட்டா என்ற இன்னொரு காப்பகத்துக்கும் போக வேண்டுமா, அது வேலி போட்ட இடம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயண முகவர்தான் இப்படிச் சொல்லி அதைத் திட்டத்திலிருந்து எடுக்கப் பார்க்கிறார் என்று ஊகிக்கிறேன். எங்களுக்கு ஏற்பாடு செய்தவரும் இதையேதான் சொன்னார்: "அங்கே போவதும் ஒன்று, உயிரியல் பூங்காவுக்குப் போவதும் ஒன்று, அந்த நாளையும் மாராவில் கழித்தால் இன்னும் நான்கு சிங்கம் பார்க்கலாம்." நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிடிவாதமாக நின்று போய்வந்தவன் என்பதால், இந்தக் கேள்வியைக் கண்ட பிறகு பதில் எழுதாமல் கடந்துபோக மனம் வரவில்லை.

நைரோபிக்கு வடக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டரில், கென்யா மலைக்கும் அபர்டேர் மலைத்தொடருக்கும் நடுவே, நான்யூக்கி நகரை ஒட்டி இருக்கிறது ஓல் பெஜெட்டா. சுமார் 90,000 ஏக்கர் பரப்பு. நிலநடுக்கோட்டை ஒட்டிய இடம் என்றாலும் உயர்ந்த மேட்டுநிலம் என்பதால் விடியற்காலையில் நல்ல குளிர். முன்பு மாட்டுப் பண்ணையாக இருந்தது. இன்றும் ஆயிரக்கணக்கான போரான் மாடுகள் அங்கே காட்டு விலங்குகளோடு ஒரே நிலத்தில் மேய்கின்றன. இரவில் அவற்றைப் பட்டியில் அடைத்து, சில நாளைக்கு ஒருமுறை பட்டியை இடம் மாற்றுகிறார்கள். நம் வயல்களில் கிடை போடுவது போலத்தான். சாணமும் மூத்திரமும் ஊறிய மண்ணில் தழைத்து வரும் புல்லைத் தேடி வரிக்குதிரைகளும் மான்களும் வந்து சேர்கின்றன.

ஆனால் நான் போனது நஜின், ஃபாட்டு என்ற இரண்டு உயிர்களைப் பார்ப்பதற்காக. உலகத்தில் எஞ்சியிருக்கும் வடக்கு வெள்ளைக் காண்டாமிருகங்கள் இந்தத் தாயும் மகளும் மட்டுமே. 2009 டிசம்பரில் செக் நாட்டு உயிரியல் பூங்கா ஒன்றிலிருந்து நான்கு காண்டாமிருகங்களை இங்கே கொண்டுவந்தார்கள். அவற்றில் சுனி என்ற ஆண் 2014இல் இறந்தது. நஜினின் தந்தையான சூடான் என்ற கடைசி ஆண் 2018 மார்ச் 19 அன்று இறந்தது. உகாண்டா, சாட், சூடான், காங்கோ என்று பரந்து திரிந்த இனம் இன்று ஒரு வேலிக்குள், இரவும் பகலும் துப்பாக்கி ஏந்திய காவலர்களின் கண்காணிப்பில் இருக்கிறது.

காவலர் ஒருவர் எங்களோடு வண்டியில் வந்தார். சில அடி தூரத்தில் ஃபாட்டு மேய்ந்துகொண்டிருந்தது. அகன்ற உதட்டைத் தரையோடு வைத்துப் புல்லைக் கவ்வி அறுக்கும் சத்தம் வண்டிக்குள் தெளிவாகக் கேட்டது. காது மடலின் விளிம்பில் குஞ்சம் போல மயிர். ஒரு காது எங்கள் பக்கமும் மற்றொன்று பின்புறமுமாகத் தனித்தனியே திரும்பிக்கொண்டிருந்தன. கழுத்து மடிப்பில் காய்ந்திருந்த சேறு அது தலையை அசைக்கும்போதெல்லாம் வெடித்து உதிர்ந்தது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. வண்டியில் யாரும் பேசவில்லை. நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

விலங்குகளை வேலிக்குள் அடைப்பதை நான் கொண்டாடுகிறேன் என்று தயவுசெய்து யாரும் பின்னூட்டமிட வேண்டாம். 1970இல் கென்யாவில் ஏறத்தாழ 20,000 கறுப்புக் காண்டாமிருகங்கள் இருந்தன. 1980களின் இறுதியில் 400கூட மிஞ்சவில்லை. எல்லாம் கொம்புக்காகக் கள்ளவேட்டையில் போனவை, அதுவும் விளையாட்டு வேட்டைக்கு 1977இலேயே தடை வந்துவிட்ட நாட்டில். இன்று கிழக்கு ஆப்பிரிக்காவில் கறுப்புக் காண்டாமிருகங்கள் பெருமளவில் பெருகியிருக்கும் இடங்களில் ஒன்று ஓல் பெஜெட்டா என்றால், அதற்கு அந்த வேலியும் காவலும்தான் காரணம். மேலும் அந்த வேலி முழுவதும் மூடியதன்று. வடக்கே சில இடங்களில் வேலியை விட்டுவிட்டுக் குட்டையான கம்பங்களை நெருக்கமாக நட்டிருக்கிறார்கள். யானை காலைத் தூக்கி வைத்துக் கடந்துவிடும், மான்கள் தாண்டிவிடும், காண்டாமிருகத்தால் மட்டும் கடக்க முடியாது.

ஓல் பெஜெட்டா அமைந்திருக்கும் லைக்கிப்பியா பகுதியின் நிலம் யாருடையது என்று கேட்பவர்களும் இருப்பார்கள். நியாயமான கேள்விதான். 1904, 1911 ஆண்டுகளில் பிரிட்டிஷார் செய்துகொண்ட ஒப்பந்தங்களின் பெயரில் மசாய் மக்கள் முதலில் அங்கே அனுப்பப்பட்டு, பிறகு அங்கிருந்தும் தெற்கே பெயர்க்கப்பட்டார்கள். அந்த அநீதியை மறைத்துவிட்டு அந்த இடத்தைப் புகழ எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதைக் காரணம் காட்டிக் காண்டாமிருகங்களைக் கைவிடவும் என்னால் முடியாது.

வேலியே இல்லாத மாராவில் நான் கண்டதையும் சொல்ல வேண்டும். ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக்கூடாது என்பது விதி. வேட்டைக்குப் பதுங்கியிருந்த ஒரு சிவிங்கிப்புலியைச் சுற்றி இருபது வண்டிகளாவது நின்றன. அது இந்தப் பக்கம் நகர்ந்தால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் நகர்ந்தால் அந்தப் பக்கம் என்று வண்டிகளும் நகர்ந்தன. கடைசியில் இரை ஓடிவிட்டது. ஓட்டுநர்களைக் குறை சொல்ல மாட்டேன். "இன்னும் கிட்டே போ" என்று பின்னாலிருந்து நெருக்கியவர்கள் நம்மைப் போன்ற பயணிகள். அன்று அந்தச் சிவிங்கிப்புலி அனுபவித்ததைச் சுதந்திரம் என்று என்னால் சொல்ல இயலாது.

நஜினாலும் ஃபாட்டுவாலும் கருவைச் சுமக்க இயலாது. ஃபாட்டுவின் சினைமுட்டைகளை இறந்த ஆண்களின் உறைவிந்தோடு சேர்த்து இத்தாலியில் கருக்களை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றைத் தெற்கு வெள்ளைக் காண்டாமிருகத்தின் வயிற்றில் வளர்க்க வேண்டும். இந்த வழி பலிக்கும் என்பதைத் தெற்கு இனக் கரு ஒன்றை வைத்துச் சோதித்து, 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். அந்த வாடகைத் தாய், கனமழைக்குப் பின் மண்ணிலிருந்து வெளிப்பட்ட நுண்கிருமியால் அதற்கு முன்பே இறந்துபோனது. ஆனால் அதன் வயிற்றில் 70 நாள் ஆண் கரு இருந்தது, அதுதான் சான்று. நாம் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பங்கு இந்த விலங்குகளின் பராமரிப்புக்கும் காவலுக்கும் போகிறது.

ஆகவே, ஒரு நாளைக் குறைத்தே ஆக வேண்டுமானால் மாராவில் குறைத்துக்கொள்ளுங்கள். நஜினையும் ஃபாட்டுவையும் அருகில் பார்க்க நுழைவுக் கட்டணத்துக்கு மேல் தனிக் கட்டணம் உண்டு, முன்பதிவும் தேவை. அது பயணத் தொகைக்குள் அடங்குமா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.