ஜாஸ்: பள்ளம் எங்கே? (கடிதம்)

வணக்கம் சார்,

ஜாஸ் கேட்க ஆரம்பித்து ஒரு வருடமாகிறது. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, வீட்டில் எல்லோரும் எழுவதற்குள் ஹெட்போனில் கேட்பேன். ராக்டைம், நியூ ஆர்லியன்ஸ், ஸ்விங், பீபாப், கூல் என்று பாணிகளை அட்டவணை போட்டு வரிசையாகப் போகிறேன். பெரிய குழுக்களின் நடன இசையான ஸ்விங்குக்கும், சிறு குழுக்களின் வேகமான பீபாப்புக்கும் நடுவில் மட்டும் பெரிய பள்ளம் தெரிகிறது. வரிசை சரிதானா? இளையராஜா பாடல்களில் வருவதை ஜாஸ் எனலாமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

தூக்கத்தை விட்டுவிட்டு ஒருவர் விடியற்காலையில் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட் கேட்கிறார் என்பதே மனதுக்கு நிறைவாக இருக்கிறது. இளையராஜா கேள்வி வேண்டாம், அடிதடியில்தான் முடியும். ஆனால் அந்த அட்டவணை! இசை கேட்கிறீர்களா, டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறீர்களா?

பள்ளம் என்றீர்களே, அதைத்தான் நானும் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஜாஸ் வரலாறு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இசைத்தட்டுகளின் வரலாறு. நியூ ஆர்லியன்ஸ் நகரம் ராஜாவாகக் கொண்டாடிய கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) கலைஞர் பட்டி போல்டன் 1907ல் மனநல விடுதியில் சேர்க்கப்பட்டு 1931ல் இறந்தார். ஒரு புகைப்படம் மிஞ்சியிருக்கிறது, வாசிப்பில் ஒரு துணுக்குகூட இல்லை. முதல் ஜாஸ் தட்டு 1917ல் வந்தது, வாசித்தவர்கள் ஐந்து வெள்ளையர்கள். அப்புறம் அட்டவணை அவர்களிடமிருந்துதானே தொடங்கும்?

சரி, தட்டில் இருப்பதாவது உள்ளபடி இருக்கிறதா? 1923ல் கார்னெட் கலைஞர் கிங் ஆலிவரின் குழு பதிவுசெய்ததைக் கேளுங்கள். மைக் வராத காலம், எல்லோரும் ஒரு புனலுக்கு முன்னால் நின்று வாசிக்க வேண்டும், அந்தச் சத்தத்தின் அதிர்வில் ஒரு ஊசி தட்டில் கோடு கீறும். டிரம்ஸை முழுதாக அடித்தால் ஊசி தாவிவிடும் என்பதால் டிரம்மர் பேபி டாட்ஸ் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டிருக்கிறார். இளைஞர் ஆம்ஸ்ட்ராங்கின் சத்தம் ஆலிவரை அமுக்கியதால் அவரைத் தள்ளி நிற்கவைத்தார்கள் என்று, அங்கே பியானோ வாசித்த லில் ஹார்டின் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கல்லூரியில் ஒரு நண்பர் இந்தப் பதிவை வைத்துக்கொண்டு, அந்தக் கால ஜாஸில் டிரம்ஸே கிடையாது என்று விடுதி அறையில் மணிக்கணக்காக வகுப்பெடுப்பார். கேசட் அவருடையது, யார் மறுத்துப் பேசுவது?

உங்கள் பள்ளமும் இதே கதைதான். 1942 ஆகஸ்டில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ராயல்டி கேட்டு, இனி தட்டுக்கு வாசிக்க மாட்டோம் என்று வேலைநிறுத்தத்தில் இறங்கியது. பெரிய கம்பெனிகள் எல்லாம் பணிய 1944 நவம்பர் ஆகிவிட்டது. இடையில், 1943ல், பீபாப்பின் முன்னோடிகளான சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரும் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியும், பியானோ கலைஞர் ஏர்ல் ஹைன்ஸின் குழுவில் ஒரே மேடையில் வாசித்தார்கள், ஒரு தட்டும் வரவில்லை. 1945 நவம்பரில் பார்க்கர் 'கோ-கோ'வைப் பதிவுசெய்ததும், பீபாப் திடீரென்று முளைத்ததுபோலப் புரட்சி என்று எழுதிவிட்டார்கள். புரட்சியாம்! நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருந்த மின்டன்ஸ் கிளப்புக்குப் போனவர்கள் இது ஊறி வந்ததைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். 1941லேயே ஜெர்ரி நியூமன் என்ற மாணவர் அங்கே தட்டு பதியும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய், சார்லி கிறிஸ்டியனின் கிட்டாரைப் பதிந்து வைத்திருக்கிறார். கேட்டுவிட்டு, ஸ்விங் எங்கே முடிகிறது, பீபாப் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்து எனக்கு அனுப்புங்கள், பார்ப்போம்.