முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை ஏற்கும் பொது மருத்துவரைச் சென்னையில் எப்படிக் கண்டுபிடிப்பது?

அப்பாவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கின்றன, பக்கத்து கிளினிக்கில் இந்த அட்டை செல்லுமா என்று கேட்டிருக்கிறீர்கள். செல்லாது. பலரும் தடுமாறும் இடம் இதுதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் செய்யும் குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கும் அறுவை சிகிச்சைகளுக்கும் உரியது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். மாதாமாதம் டாக்டரைப் பார்க்கும் கட்டணத்தையும் மாத்திரைச் செலவையும் அது தராது.

அதற்காகக் கவலைப்படாதீர்கள், அந்தத் தேவைக்கு அட்டையே வேண்டாம். உங்கள் பகுதி மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். நடக்க முடியாதவர் என்றால் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றி அங்கேயே கேளுங்கள், மருந்து வீட்டுக்கே வரும். கூடுதல் கவனம் தேவைப்பட்டால் சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை அரசு மருத்துவமனைகள் ஆகியவற்றில் ‘பொது மருத்துவம்’ புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். என் அம்மாவுக்கு அதனால்தான் ஒரு மருந்து இரண்டு தடவை எழுதப்படாமல் தப்பியது.

உங்களுக்கு வேலை வழியாக இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) இருந்தால் அப்பாவையும் அதில் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். அதில் புறநோயாளி சிகிச்சையும் உண்டு.

அப்புறம், எப்போதாவது மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், சேர்க்கும் முன்பே முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் 1800 425 3993 என்ற எண்ணில் கூப்பிட்டு, அந்த மருத்துவமனையும் அந்தச் சிகிச்சையும் பட்டியலில் உள்ளனவா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.