குர்குமின் கேப்ஸ்யூலும் மஞ்சத்தூளும் ஒண்ணு இல்லைங்க

அம்மா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாங்க, முட்டி வலிக்கு 95% குர்குமின் (மஞ்சள்ல இருக்குற முக்கியமான சத்து) கேப்ஸ்யூல் வாங்கிட்டேன், மஞ்சள்தானே குடுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. கொஞ்சம் பொறுங்க, இன்னும் ஆரம்பிக்காதீங்க.

சாதா மஞ்சத்தூள்ல குர்குமின் சுமாரா 3% தான் இருக்கும், உங்க 500 மில்லிகிராம் கேப்ஸ்யூல்ல 475 மில்லிகிராம், அதாவது ஒரு கேப்ஸ்யூல் போட்டா அஞ்சு டீஸ்பூன் தூளை ஒரே வாய்ல முழுங்குன மாதிரி, அதனால "மஞ்சள்தானே"ங்கிற பேச்சு இங்க எடுபடாது. ரத்தம் உறையுறதையும் இது குறைக்கலாம், அந்த மாத்திரையோட சேர்ந்தா ரத்தக்கசிவு ரிஸ்க்.

லேபிளைத் திருப்பிப் பாருங்க, பைப்பரின்னு இருக்கா? அது மிளகுச் சத்து. குர்குமின் தண்ணில கரையாது (ஒண்ணைப் பிரிச்சு டம்ளர்ல போட்டுப் பாருங்க, ஆரஞ்சுப் பொடி அப்படியே மிதக்கும்), உடம்புல லேசுல ஏறாது, அதை ஏத்தத்தான் பைப்பரின் சேர்க்குறாங்க, ஆனா அது ரத்தத்துல மத்த சில மருந்தோட அளவையும் ஏத்திவிடலாம். பித்தப்பைக் கல், கல்லீரல் தொந்தரவு இருந்தாலும் வேணாம்.

முட்டி வலிக்கு ஓரளவு கேக்கும்னு ஆய்வுகள் இருக்கு, இல்லைன்னு சொல்லல. டப்பாவையே எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க. சமையல்ல போடுற மஞ்சளை நிறுத்த வேண்டியதில்ல.