டிடிஏ2030 ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயருக்கு 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை ஆம்பியரில் வாங்க வேண்டும்?

ஒலியைப் பெருக்கும் டிடிஏ2030 ஐசிகள் இரண்டைக் கொண்டு 4 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டை இயக்கப் போகும் உங்களுக்கு, 2 ஆம்பியர் போதுமா, 5 ஆம்பியர் வேண்டுமா என்பதுதான் ஐயம். ஆம்பியருக்கு முன்னால், 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் நடு முனையிலிருந்து இருபுறமும் தரும் அந்த 12 வோல்ட்டைப் பாருங்கள் என்பேன். ஆம்பியர் குறைந்தால் டிரான்ஸ்ஃபார்மர் சூடாகும். வோல்ட் கூடினால் ஐசியே போய்விடும்.

12 வோல்ட் ஏசியை 1.414 ஆல் பெருக்கி, டயோடுகளில் இழக்கும் ஒரு வோல்ட்டைக் கழித்தால் 16 வோல்ட் டிசி வருவதாகக் கணக்கு சொல்லும். ஆனால் லேபிளில் உள்ள 12 என்பது முழுச் சுமையின்போது கிடைப்பது. சிறிய டிரான்ஸ்ஃபார்மர்களில் சுமை இல்லாதபோது 10 முதல் 15 சதவீதம் கூடுதலாகவே இருக்கும். இரவில் வீட்டு மின்சாரம் 230-இலிருந்து 250 வோல்ட்டுக்கு ஏறிவிட்டால், பாட்டு ஒலிக்காமல் சும்மா இருக்கும் நேரத்தில்தான் டிசி 19 வோல்ட்டைத் தாண்டுகிறது. டிடிஏ2030-இன் உச்ச வரம்போ இருபுறமும் 18 வோல்ட். நான் முதலில் செய்த ஆம்ப்ளிஃபயரில் இரண்டு ஐசிகளும் இப்படித்தான் ஒரே இரவில் போயின. பழியைச் சில நாள், ஐசியின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் மீது போட்டுக்கொண்டிருந்தேன். 22 வோல்ட் வரை தாங்கும் டிடிஏ2030ஏ இருக்கிறது என்றாலும், அந்த எழுத்தை அச்சிட்ட போலிகளும் சந்தையில் கலந்திருப்பதால், 9-0-9 வாங்குவதையே பரிந்துரைப்பேன். ஒரு ஸ்பீக்கருக்கு எட்டு வாட் அளவில் கிடைக்கும். ஓர் அறைக்கு அது தாராளம்.

இனி ஆம்பியர். இரு ஸ்பீக்கர்களிலும் முழு ஒலியில் இடைவிடாமல் சைன் அலையைச் செலுத்தினால் டிசியில் சுமார் 30 வாட் செலவாகும். ஃபில்டர் கண்டென்சர்கள் அலையின் உச்சியில் மட்டும் மின்னோட்டத்தை வெடுக்கென்று இழுப்பதால் சுருளில் அதைவிட அதிகச் சூடு பிறக்கிறது, அதற்காக 1.6 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 50 வி.ஏ. (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கி வரும் அளவு), அதாவது 9-0-9-இன் இரு ஓர முனைகளுக்கு இடையிலுள்ள 18 வோல்ட்டில் 3 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. இசையோ உச்சத்தை அவ்வப்போது தொட்டுவிட்டு இறங்கிவிடுவது. சராசரி மின்னோட்டம் அதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். ஆகவே உண்மையான 2 ஆம்பியர் போதும்.

அந்த "உண்மையான" என்பதில்தான் சிக்கல். "5 ஆம்பியர்" என்று ஒட்டி விற்கும் 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை அளந்து பார்த்திருக்கிறேன். அதன் இரும்புத் தகட்டின் நீண்ட பக்கம் 7.5 செ.மீ.; அதில் மூன்றில் ஒரு பங்கான 2.5 செ.மீ.தான் சுருள் சுற்றியிருக்கும் நடுக்காலின் அகலம். தகடுகளின் அடுக்குக் கனமும் 2.5 செ.மீ. இரண்டையும் பெருக்கினால் 6.25 சதுர செ.மீ. வருகிறது. வழக்கமான தோராயக் கணக்குப்படி அதை 1.15 ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் சுமார் 30 வி.ஏ.; லேபிள் சொல்வதோ 24 வோல்ட்டில் 5 ஆம்பியர், அதாவது 120. அலுமினியச் சுருளாக இருந்தால் இன்னும் குறைத்தே மதிப்பிட வேண்டும். 9-0-9, 2 ஆம்பியருக்கு நடுக்காலின் பரப்பு 7 சதுர செ.மீ. அளவுக்காவது இருக்க வேண்டும். கடைக்குப் போகும்போது பையில் ஓர் அளவுகோலைப் போட்டுக்கொள்ளுங்கள். காப்பரா அலுமினியமா என்று தயங்காமல் கேளுங்கள்.