அப்கிரேடுக்குப் பிறகு மென்பொருளைக் காணவில்லை: முதலில் எதைத் தொடக்கூடாது?

கேள்வி: விண்டோஸ் 10 இருந்த என் கணினியை ஆறு நாள்களுக்கு முன் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்து விண்டோஸ் 11-க்கு மாற்றினேன். படங்களும் கடிதங்களும் அப்படியே இருக்கின்றன. பல ஆண்டுகளாகப் பயன்படுத்திய கணக்கு மென்பொருளும் ஸ்கேனர் மென்பொருளும் காணவில்லை. டேட்டா ரெக்கவரி செய்ய வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். படங்கள் இருந்து மென்பொருள்கள் மட்டும் போயிருந்தால், பெரும்பாலும் அது ஹார்ட் டிஸ்க் பழுதல்ல. அப்கிரேடின்போது எதை வைத்துக்கொள்வது என்று கேட்கும் திரையில் ‘பைல்கள் மட்டும்’ என்பது தேர்வாகியிருக்கிறது. மொழியோ பதிப்போ பொருந்தாத பிரதியைக் கொண்டு நிறுவினால் ‘பைல்களும் ஆப்களும்’ என்ற வரி மங்கிப்போய்த் தேர்ந்தெடுக்க முடியாமல் நிற்கும். ஏன் மங்கியது என்று யோசிக்காமல் அடுத்த பட்டனை அழுத்திவிடுகிறார்கள். இத்தனை பெரிய விளைவுள்ள கேள்வியை ஒரே திரையில் கேட்டுவிட்டுக் கடந்துபோகும்படி அமைத்தவர்களையும் நான் பாராட்டப் போவதில்லை.

செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குச் சென்று, நிறுவப்பட்டவற்றின் பட்டியலில் மென்பொருளின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் போனது ஐகான் மட்டுமே; ஸ்டார்ட் மெனுவில் பெயரைத் தேடித் திறந்துகொள்ளலாம்.

பட்டியலில் இல்லையென்றால், இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சி டிரைவில் ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற ஃபோல்டர் இருக்கும். பழைய விண்டோஸும், பழைய மென்பொருள்களின் ஃபோல்டர்களும் அதற்குள்தான் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. 10 நாள் கழிந்ததும் விண்டோஸ் அதைத் தானாகவே அழித்துவிடும். உங்களுக்கு ஆறு நாள் போய்விட்டது. இந்தக் கெடுவை ஒரு கட்டளையின் மூலம் 60 நாள் வரை நீட்டலாம். ஆனால் அந்த ஃபோல்டரை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதியெடுப்பது உங்களுக்கு அதைவிட எளிது.

அங்கிருக்கும் மென்பொருளை அப்படியே எடுத்துப் புதிய விண்டோஸில் வைத்தால் பெரும்பாலும் ஓடாது, ஏனென்றால் அதன் பதிவுகள் பழைய விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைக் குறித்துவைக்கும் இடத்தில், தங்கிவிட்டன. ஆனால் உங்களுக்கு வேண்டியது மென்பொருளைவிட, அதில் நீங்கள் எழுதிய கணக்குகள் அல்லவா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கடிதங்கள் டாக்குமெண்ட்ஸில் இருப்பதைப் பார்த்ததும் கணக்கும் அங்கேயே இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். பழைய கணக்கு மென்பொருள்கள் பலவும் தங்கள் தரவை நிறுவப்பட்ட ஃபோல்டருக்குள்ளேயோ, வழக்கமாகக் கண்ணுக்குத் தெரியாத ‘புரோகிராம்டேட்டா’ ஃபோல்டரிலோ வைத்திருக்கும். அவையும் விண்டோஸ்.ஓல்டோடு சேர்ந்தே போகும். தரவை டி டிரைவில் வைக்கும்படி முன்பே அமைத்திருந்தால், அதை யாரும் ஃபார்மட் செய்யாதவரை, இந்தக் கவலை இல்லை. எங்கே வைத்தோம் என்று நினைவில்லாவிட்டால் சி டிரைவில்தான் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே அந்த ஃபோல்டரைப் பிரதியெடுக்கும்வரை யாரையும் டிஸ்க் கிளீனப் (வேண்டாத பைல்களை அழித்து இடம் உண்டாக்கும் வசதி) செய்ய விடாதீர்கள். என்னிடம் வந்த ஒருவரின் கணினியில், அதைப் பழுது பார்த்தவர் இடம் போதவில்லை என்று ‘முந்தைய விண்டோஸ் நிறுவல்’ என்ற கட்டத்தில் டிக் செய்து, பல ஆண்டுக் கணக்கை ஒரே நொடியில் துடைத்துவிட்டு, அதன்பிறகு அவரே ரெக்கவரிக்கும் பணம் கேட்டிருந்தார்.

பிரதியெடுத்த பிறகு, செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று சென்று ‘கோ பேக்’ மூலம் விண்டோஸ் 10-க்குத் திரும்பிப் பாருங்கள். அப்கிரேடுக்குப் பின் நிறுவிய மென்பொருள்கள் இதில் போய்விடும். கணக்கு மென்பொருள் பழையபடி திறக்கும். அதிலேயே உள்ள பேக்கப் வசதியால் தரவை வெளியே எடுத்து, லைசென்ஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு பொருத்தமான பிரதியைக் கொண்டு மீண்டும் அப்கிரேடு செய்யுங்கள். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், அங்கேயே தங்கிவிடுமாறு நான் சொல்லமாட்டேன்.

மீண்டும் நிறுவ நேர்ந்தால், பழுது பார்ப்பவர் தன் பென் டிரைவிலிருந்து ‘அதே மென்பொருள்’ என்று ஏற்றித் தர முன்வருவார். மறுத்துவிடுங்கள், லைசென்ஸ் பூட்டை உடைத்த பிரதியாக இருக்கவே வாய்ப்பு அதிகம், அதோடு என்னென்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று யாருக்கும் தெரியாது. உங்கள் லைசென்ஸ் எண்ணைக் கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே நிறுவுங்கள். ‘இந்த எண் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்று அது மறுத்தால், அதே கணினிதான் என்று அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். காசு கொடுத்து வாங்கியவரே தாம் திருடரல்ல என்று நிரூபிக்க வேண்டியிருப்பது எரிச்சலான விஷயம்தான்.

ஸ்கேனருக்கு அதன் தயாரிப்பாளர் தளத்தில் உங்கள் மாடலுக்கு விண்டோஸ் 11 டிரைவர் (ஸ்கேனரை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) இருக்கிறதா என்று பார்த்தால் போதும்; தேடல் முடிவின் உச்சியில் விளம்பரமாக வரும் ‘டிரைவர் அப்டேட்டர்’ எதையும் நிறுவ வேண்டாம்.